பொத்தானில் சுற்றிய டேப்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வதோடு என் வீரம் முடிந்துவிடும். இப்பேர்ப்பட்டவன் மலை ஓடையில் வாழும் டிரவுட் மீன்களைக் காப்பாற்றும் சங்கத்தில் உறுப்பினர் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சங்கத்திலேயே சிரித்தார்கள்.

நான் தையற்காரன். சைக்கிள் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஒரு கடை. சங்கத்துக்காரர்கள் ஓடையில் இறங்கும்போது மார்பு வரை வருகிற ரப்பர் கால்சட்டை போட்டுக்கொள்வார்கள். பாறையில் உரசி உரசி அது கிழியும். ஒருநாள் என் தங்கையின் கணவர் அப்படிப்பட்ட பதினோரு கால்சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, ஒரு கல்யாண ரவிக்கைக்கு மேலேயே கொட்டினார். "மச்சான், உங்களால மட்டும்தான் முடியும்" என்றார். இந்த மாதிரிப் பேச்சுக்கு நான் எப்போதுமே விழுந்துவிடுவேன். துணி உள்ளே வைத்த ரப்பர் டேப் ஒன்றைத் தேடிப் பிடித்து, பசை தடவி, சூடு காட்டி ஒட்டினேன். அதற்குப் பிறகு அந்த இடங்களில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. பாறை கிழிந்தாலும் டெய்லர் டேப் கிழியாது என்று சங்கத்தில் பேச்சானது. எனக்கும் தலைக்கேறியது.

மாப்பிள்ளை பம்புசெட் மெக்கானிக். நல்ல மனிதர், ஆனால் ஓடையைப் பார்த்துவிட்டால் தலைகால் தெரியாது. அதனால் என் தங்கை என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணா, அந்த மீன் எண்ணுற நாள்ல நீயும் அவரு கூட போ."

"எனக்குத் தண்ணின்னாலே உதறும், தெரியாதா?"

"அதனாலதான் சொல்றேன். அவருக்குப் பயமே கிடையாது. உனக்கு ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கு."

மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். மீன் எண்ணுவது வருடத்துக்கு ஒருமுறை. ஓடைக்கு மேலே குவாரிக்காரர்கள் பாறையை உடைத்துக்கொண்டே கீழே இறங்கி வருகிறார்கள். இங்கே இன்னும் டிரவுட் பிறந்து வளர்கிறது என்று நாங்கள் மீன்வள அலுவலகத்துக்குக் கணக்குக் கொடுத்தால்தான் அவர்களை அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். நூறு மீட்டர் ஓடையை மேலேயும் கீழேயும் வலை கட்டி அடைத்து, அதற்குள் இருக்கும் மீனை மூன்று நடை போய்ப் பிடிக்க வேண்டும். நடைக்கு நடை எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று பார்த்து மொத்தத்தைக் கணக்குப் போடுவார் டீச்சர். அவர்தான் சங்கச் செயலாளர். பள்ளியில் கணக்கு எடுக்கிறவர், கரையில் நோட்டும் பென்சிலுமாக நிற்பார்.

பிடிப்பது தூண்டிலால் இல்லை, கரண்டால். மாப்பிள்ளை முதுகில் பேட்டரிப் பெட்டி. கையில் ஆள் உயரக் கம்பு, கம்பின் நுனியில் இரும்பு வளையம். பெட்டியிலிருந்து பின்னால் வால் மாதிரி ஒரு கம்பி தண்ணீரில் இழுபடும். கம்பின் பிடியில் ஒரு பொத்தான் உண்டு. கட்டைவிரலால் அதை அழுத்தினால் வளையத்துக்கும் வாலுக்கும் நடுவே தண்ணீரில் கரண்ட் பாயும். சுற்றியிருக்கும் மீன் அரை நிமிடம் மயங்கி மேலே வரும். பக்கத்தில் வலையோடு நடக்கும் நான் அள்ளி, பின்னால் வரும் சங்கத்து மருந்துக்கடைக்காரரின் வாளியில் போட வேண்டும். அளந்து, எடை போட்டு, மூன்று நடையும் முடிந்ததும் ஓடையிலேயே விட்டுவிடுவோம்.

பொத்தானை அழுத்தியிருக்கும் வரை பெட்டி பீப் பீப் என்று கத்தும். விரலை எடுத்தால் கரண்டும் நிற்கும், சத்தமும் நிற்கும். சங்கத்தில் எத்தனையோ விதிகள் உண்டு, பாதியை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எல்லோரும் வேதவாக்காக வைத்திருந்தோம். சத்தம் கேட்கிறவரை யாரும் தண்ணீருக்குள் கை விடக்கூடாது. இரண்டு கை தண்ணீரில் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்று டீச்சர் கரும்பலகையில் படம் போட்டே காட்டியிருந்தார். புது மாதிரிப் பெட்டிகளில் ஆள் சாய்ந்தாலே எல்லாம் நின்றுவிடுமாம். எங்களுடையது யாரோ வேண்டாமென்று கொடுத்த பழசு, ஆபத்தில் இழுத்து அணைக்கப் பக்கவாட்டில் ஒரு கயிறு மட்டும் உண்டு.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை காலை. முதல் நடையில் நாற்பத்தொன்று, இரண்டாவதில் பத்தொன்பது. டீச்சர் முகத்தில் அபூர்வமாகச் சிரிப்பு. என் முகத்தில் இல்லை. ஊரார் கால்சட்டையெல்லாம் ஒட்டிக் கொடுத்த நான், என்னுடையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வலது முழங்காலில் கடுகளவு ஓட்டை. காலுறை நனைந்துவிட்டது. வளையம் பக்கத்தில் வரும்போதெல்லாம் அந்த முழங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு துடிப்பு. வெளியே சொன்னால் மருந்துக்கடைக்காரர் ஒரு மாதத்துக்குக் கிண்டல் செய்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது நடைக்கு முன் பாறையில் உட்கார்ந்து டீ குடித்தோம். மாப்பிள்ளை கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தார். முந்தின வாரம் ஸ்பேனர் வழுக்கி நகம் கறுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு நடையும் நாற்பது நிமிடம், நாற்பது நிமிடமும் அந்த விரலால் அழுத்த வேண்டும். பெட்டியைத் தூக்கப் பழகினவர் அவர் ஒருவர்தான்.

"ரொம்ப வலிக்குதா மாப்ள?"

"அட, விடுங்க மச்சான். இன்னும் ஒரு நடைதானே."

என் பையில் டேப் சுருள் இருந்தது. ஓடைக்கு அது இல்லாமல் நான் வருவதில்லை. டீச்சர் கீழ் வலையைச் சரிபார்க்கப் போயிருந்தார், மருந்துக்கடைக்காரர் புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார். நான் கம்பை வாங்கி, பொத்தானை அழுத்திப் பிடித்து, அதன் மேல் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன். பெட்டியின் பெரிய சுவிட்ச் அப்போது அணைந்திருந்தது. இனி அதைப் போட்டால் கரண்ட் வரும், அணைத்தால் போகும். விரலுக்கு வேலையே இல்லை.

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார். "டீச்சர் பாத்தா தொலைச்சிடுவாங்க."

"பாத்தாத்தானே?" என்றேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் இதற்குப் பயப்படவில்லை. அடுத்தவர் வலியைத் தீர்க்கிறோம் என்ற சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது. வேறென்ன சொல்ல?

பாதி தூரம் நன்றாகத்தான் போனது. ஒரு வளைவில், இடுப்பளவு ஆழமுள்ள மடுவுக்கு மேலே, பாசி பிடித்த பாறையில் மாப்பிள்ளை கால் வைத்தார். கால் வழுக்கியது. கத்தக்கூட இல்லை, முகம் குப்புற விழுந்தார். கம்பு கையை விட்டுப் போய், பிடி ஒரு கல்லின் மேல் சாய்ந்தது. வளையம் அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீருக்குள் கிடந்தது.

பீப் பீப் பீப் பீப்.

அவர் தோள் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. முகம் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அவர் எழ முயன்ற மாதிரித் தெரியவில்லை, உடம்பு அவர் சொல்லைக் கேட்கிற நிலையில் இல்லை.

கரையிலிருந்து டீச்சர் கத்தினார். "மெக்கானிக்! விரலை எடுங்க! விரலை எடுங்க!"

எடுக்க விரல் அங்கே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்தடி தூரம் இருக்கும். ஐந்தடியும் நான் நடந்தேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது பயம் மட்டுமே. முதல் அடியில் வலது முழங்கால் உதறியது. இரண்டாவது அடியில் தொடை இறுகிக் கல்லானது. மூன்றாவதில் கால் என்னுடையதாகவே இல்லை, இடுப்பால் இழுத்துக்கொண்டு போனேன். செத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். திரும்பி ஓடிவிடலாம் என்றும் தோன்றியது, மறைத்து என்ன ஆகப்போகிறது. கால் மரத்துப் போயிருந்ததால்தான் ஓடவில்லையோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

வலையை எறிந்துவிட்டு, கல்லில் சாய்ந்திருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். வளையம் தண்ணீரை விட்டு மேலே வந்தது. அந்த நொடியே என் காலின் இறுக்கம் விட்டது, மாப்பிள்ளையின் தோளும் அடங்கியது. வளையம் தண்ணீரில் இல்லாவிட்டால் கரண்ட் இல்லை. ஆனால் பொத்தான் அமுங்கியே இருந்தது. பெட்டி கத்திக்கொண்டே இருந்தது.

அடங்கிய மாப்பிள்ளை எழவில்லை. முதுகில் பதினைந்து கிலோ பெட்டி, முகம் தண்ணீருக்குள். நுனி கனத்த கம்பை இரண்டு கையாலும் பிடித்தால்தான் வளையம் மேலே நிற்கும். ஒரு கையை எடுத்தால் அது அவர் மேலேயே விழும். நகத்தால் டேப்பைப் பிய்த்துப் பார்த்தேன். வரவில்லை. நான் ஒட்டினால் வராது.

"வாங்க! வந்து தூக்குங்க!" என்று கத்தினேன்.

மருந்துக்கடைக்காரர் ஆறடி தள்ளி வாளியோடு நின்றார். "சத்தம் நிக்கலையே டெய்லர்!"

"கரண்ட் இல்ல, வாங்க!"

"சத்தம் கேக்குதே!"

"யாரும் கை வைக்காதீங்க!" என்று டீச்சர் கரையிலிருந்து அலறினார். "சத்தம் நிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது!" அவர் பேரில் தப்பே இல்லை. முதலில் மெக்கானிக், இப்போது கம்பைத் தூக்கிய நானும் பொத்தானில் விரல் விறைத்து மாட்டிக்கொண்டு உளறுகிறேன் என்றுதான் அவர் நினைத்தார். இன்னும் இரண்டு பேரைச் சாகவிடாமல் பார்ப்பது அவர் வேலை.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது தொண்டை வரை வந்தது. வந்து நின்றது. சொன்னால் நான்தான் என்று தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் தலைமுடி தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் மூன்று பீப் என்பேன். எண்ணியிருக்கிறேன்.

பிறகு கத்தினேன். "சத்தத்தைப் பாக்காதீங்க! பொத்தான் மேல நான் டேப் சுத்தி வச்சிருக்கேன்! நான்தான் சுத்தினேன்! அது நிக்காது! வளையம் மேல இருக்கு, தண்ணில கரண்ட் இல்ல!"

டீச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டைப் போட்டுவிட்டு, செருப்போடு, போட்ட துணியோடு தண்ணீரில் குதித்து வந்தார். ஐம்பத்தாறு வயது. மாப்பிள்ளையின் தலையை வெளியே இழுத்தார், பெட்டிக்கும் முதுகுக்கும் நடுவில் அமுங்கிக் கிடந்த அவசரக் கயிற்றைத் தேடி இழுத்தார். சத்தம் நின்றது. அதற்குள் மருந்துக்கடைக்காரரும் வந்துவிட்டார். இருவரும் அவரை இழுத்து மணல் திட்டில் போட்டார்கள், நான் கம்போடு பின்னால் போனேன். உதடு நீலம். மூச்சில்லை. மருந்துக்கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து அமுக்கினார், அமுக்கும்போதே அழுதார். நான் ஒன்றும் செய்யவில்லை. கம்பை இன்னும் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன், யாரும் கீழே வைக்கச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை இருமினார். தண்ணீராகக் கக்கினார். பிறகு கன்றுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டு மூச்சை இழுத்தார்.

பிடித்த மீன்களையெல்லாம் கணக்குப் பார்த்து விடுவதற்கு மருந்துக்கடைக்காரர் அங்கேயே தங்கினார். டீச்சர் வண்டி ஓட்டினார். பின் இருக்கையில் மாப்பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு நான். ஆஸ்பத்திரி வாசலில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, ஈரம் சொட்டச் சொட்ட டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் டீச்சர்."

"இன்னைக்கே சொல்லுங்க. நாளாக ஆக வாய் வராது." வேறு ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தங்கை தபால் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள். சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. விரலெல்லாம் முத்திரை மை. டாக்டர் அவளிடம் பேசினார். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் தாறுமாறாக இருக்கிறது, ஒரு நாள் முழுக்க மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும், பிழைத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன் என்றார். அந்த 'நினைக்கிறேன்' அவளை உட்கார வைத்துவிட்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் உள்ள போய் காப்பாத்துனியாமே. நர்ஸ் சொன்னாங்க. தண்ணியப் பாத்தாலே ஓடுறவன்." அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அண்ணா?"

ஓடையில் இருந்ததை விட அங்கேதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. ஓடையில் கால் மட்டும்தான் மரத்தது. அங்கே நாக்கே மரத்துவிட்டது. அவளுக்கு நான் ஒரே அண்ணன். அப்பா போன பிறகு அவளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்தவன் நான், கல்யாணத்துக்குத் தைத்தவனும் நான். இவள் இனி என் முகத்தில் விழிக்காமல் போனால் நான் எங்கே போவேன் என்று நினைத்தேன்.

"நான் இருந்ததாலதான் அவருக்கு இப்படி ஆச்சு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். பொத்தானை, விரலை, டேப்பை, சத்தத்தை, எல்லாவற்றையும். தபால் அலுவலகத்தில் மூட்டை மூட்டையாகக் கடிதம் பிரித்துப் பழகினவள், ஒன்றையும் விடாமல் கேட்டாள். என் கையை விடவில்லை, ஆனால் அவள் கை அசையாமல் நின்றுவிட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள். "அவரு கேட்டாரா, நீயா சுத்துனியா?"

விழுவதற்கு முந்தின ஒரு மணி நேரம் மாப்பிள்ளைக்கு நினைவில் இல்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கேட்டார் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அவரிடமே போய்க் கேட்டாலும் அந்த மனிதர் ஆமாம், நான்தான் சுத்தச் சொன்னேன் என்று எனக்காகச் சத்தியம் செய்வார். வாயைத் திறந்தேன். உள்ளே மெஷின் விடாமல் கத்திக்கொண்டிருந்தது, அவருடைய துடிப்பு.

"நானாத்தான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றேன். "இது டீச்சருக்கும் தெரியாது. அவரு தண்ணிக்குள்ள கிடக்கும்போது, டேப் விஷயத்தச் சொன்னாத்தான் தூக்க வருவாங்கன்னு தெரிஞ்சும் உடனே சொல்லல. வெக்கப்பட்டேன். மூணு பீப் நேரம் வெக்கப்பட்டுட்டு நின்னேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால்சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் பெஞ்சுக்கு அடியில் தேங்கியிருந்தது. துடைக்கிற அம்மா வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"அண்ணா" என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. "எனக்கு உன் மேல கோவம் வரும். கண்டிப்பா வரும். இன்னைக்கு வரல. இன்னைக்கு எனக்குப் பயம் மட்டும்தான் இருக்கு, வேற எதுக்கும் இடமில்ல. அவரு நல்லாயிட்டாருன்னு தெரிஞ்சதும் வரும். அப்ப நீ ஓடிப் போயிடாத."

எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு டாக்டர் மெஷினைக் கழற்றினார், பயமில்லை என்றார். இதை மருந்துக்கடைக்காரர் கடைக்கு வந்து சொன்னார், என்னைக் கட்டிக்கொண்டு சொன்னார். குளித்துவிட்டு மாற்றுத்துணி எடுத்துப் போகத் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றும் சொன்னார். நான் கடையைப் பூட்டினேன். அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த இரண்டு தெருவையும் கடக்க அரை மணி நேரம் ஆனது, வழியில் இரண்டு முறை திரும்பி நடந்தேன். வாசலில் நின்றபோது உள்ளே அவள் பாத்திரங்களைத் தூக்கி எறிகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டினேன்.